ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னரில் போர்ட்டைச் சேர்க்க முடியுமா?

கேள்வி · ஜூன் 9, காலை 10.12

'டாக்கர் ரன்' கட்டளையால் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கன்டெய்னரை உருவாக்கிப் பல வாரங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். போர்ட்டை வெளியே திறக்கும் தெரிவை அப்போது கொடுக்கவில்லை. இப்போது வெளியிலிருந்து அணுக வேண்டியிருக்கிறது. கன்டெய்னரை அழிக்காமல் போர்ட்டை மட்டும் சேர்க்க ஒரு கட்டளை இருக்கத்தான் வேண்டும், ஆனால் எனக்குக் கிடைக்கவில்லை. "அழித்துவிட்டு மறுபடி உருவாக்கு" என்று சொல்பவர்கள், உள்ளே இருக்கும் தரவுக்கு என்ன வழி என்று சொல்வதில்லை.

ஜூன் 9, காலை 11.05

அப்படி ஒரு கட்டளை டாக்கரில் இல்லை. (புதியவர்களுக்கு: கன்டெய்னர் என்பது ஒரு நிரலை அதற்கு வேண்டியவற்றோடு தனியே ஓடவிடும் பெட்டி; டாக்கர் அதை உருவாக்கி ஓட்டும் கருவி.) போர்ட் (வெளியிலிருந்து இணைவதற்கான எண்ணிட்ட வாசல்), வால்யூம் (கன்டெய்னருக்கு வெளியே தரவை வைக்கும் இடம்), சூழல் மாறிகள், ஹோஸ்ட்நேம், உள்ளே ஓடும் பயனர், பதிவுகளை எழுதும் முறை ஆகிய அனைத்தும் கன்டெய்னர் உருவாகும்போதே முடிவாகிவிடுகின்றன. பிறகு மாற்றக்கூடியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. நினைவக வரம்பு, சிபியு ஒதுக்கீடு, புராசஸ்களின் எண்ணிக்கை வரம்பு, மறுதொடக்கக் கொள்கை போன்றவற்றை 'டாக்கர் அப்டேட்' மாற்றும். பெயரை 'டாக்கர் ரீநேம்' மாற்றும். எந்த நெட்வொர்க்கில் இணைந்திருக்கிறது என்பதை 'டாக்கர் நெட்வொர்க் கனெக்ட்' மாற்றும். கடைசியாகச் சொன்னதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜூன் 9, பிற்பகல் 2.30

ஏன் இப்படி என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். 'ரன்' என்ற ஒற்றைக் கட்டளையோடு பழகியவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்பு, ஏனெனில் அது இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்து, இடையிலுள்ள எல்லையை மறைத்துவிடுகிறது. முதலில் 'கிரியேட்' நடக்கிறது: இமேஜ் (கன்டெய்னரை வார்க்கும் அச்சு) கையிருப்பில் இல்லையென்றால் இறக்கப்படுகிறது, அதன் மேல் எழுதக்கூடிய மெல்லிய அடுக்கு ஒன்று சேர்க்கப்படுகிறது, நீங்கள் கொடுத்த தெரிவுகள் ஒரு கோப்பில் எழுதப்படுகின்றன, 64 இலக்கமுள்ள ஓர் அடையாள எண் திரையில் விழுகிறது. அதுவரை ஒரு புராசஸ்கூட ஓடவில்லை. பிறகு 'ஸ்டார்ட்' நடக்கிறது: கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தனித்தனி நேம்ஸ்பேஸ்களை, அதாவது புராசஸை மற்றவற்றிலிருந்து பிரிக்கும் எல்லைகளை, அமைக்கிறது, நெட்வொர்க் இணைக்கப்படுகிறது, புராசஸ் தொடங்குகிறது. 'ஸ்டாப்' கொடுத்துவிட்டு மறுபடி 'ஸ்டார்ட்' கொடுத்தால் இரண்டாவது பகுதி மட்டுமே திரும்ப நடக்கும். எழுதிவைத்த தெரிவுகளை யாரும் மறுபரிசீலனை செய்வதில்லை.

சூழல் மாறிகளை வெளியிலிருந்து மாற்ற முடியாததற்கு உண்மையான தொழில்நுட்பக் காரணம் உண்டு. அவை புராசஸ் தொடங்கும்போது அதற்குக் கையளிக்கப்படுபவை. 'எக்ஸெக்' மூலம் உள்ளே நுழைந்து ஒரு மாறியை அமைத்தால் அது உங்கள் ஷெல்லுக்கு மட்டுமே தெரியும், ஏற்கனவே ஓடும் புராசஸுக்குத் தெரியாது. போர்ட் விஷயம் அப்படியல்ல. வெளியே திறப்பது என்பது ஹோஸ்டில், அதாவது டாக்கர் ஓடும் கணினியில், ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் நெட்வொர்க் வடிகட்டி) விதி ஒன்றைச் சேர்ப்பதுதான். கெர்னலுக்கு அதில் எந்தத் தடையும் இல்லை. அனுமதிக்காதது டாக்கரின் வடிவமைப்பு முடிவு. அந்த முடிவு சரியானதே என்பது என் கருத்து: ஓடிக்கொண்டிருப்பதைத் தொட்டுத் தொட்டுத் திருத்திக்கொண்டே போனால், சில மாதங்கள் கழித்து அது எப்படி அந்த நிலைக்கு வந்தது என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

ஜூன் 9, மாலை 6.20

தரவு பற்றிய கேள்விக்கு வருகிறேன்; அதுதான் இங்கே கனமான கேள்வி.

உங்கள் கன்டெய்னரில் எழுதப்பட்டவை மூன்று இடங்களில் இருக்கக்கூடும்: பெயரிட்ட வால்யூம், ஹோஸ்டிலுள்ள கோப்புறை, அல்லது கன்டெய்னரின் சொந்த எழுதும் அடுக்கு. முதல் இரண்டும் கன்டெய்னர் அழிந்தாலும் தப்பும், மூன்றாவது அதோடு போய்விடும். இதில் பலருக்குத் தெரியாத நான்காவது ஒன்றும் உண்டு. போஸ்ட்கிரெஸ் போன்ற இமேஜ்களில், தரவுக் கோப்புறை ஒரு வால்யூம் என்று இமேஜுக்குள்ளேயே அறிவிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் எதையும் கொடுக்காமல் கன்டெய்னரை உருவாக்கினால், டாக்கர் தானாகவே ஒரு பெயரில்லா வால்யூமை உருவாக்கி அங்கே இணைத்துவிடும். உங்கள் தரவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

இதன் விளைவைப் பாருங்கள். கன்டெய்னரை வெறும் 'ஆர்எம்' கொண்டு நீக்கினால் அந்த வால்யூம் அழியாது. ஆனால் புதிய கன்டெய்னருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. அது தனக்கென்று இன்னொரு பெயரில்லா வால்யூமை உருவாக்கிக்கொண்டு வெறுமையான டேட்டாபேஸுடன் எழுந்து நிற்கும். தரவு போய்விட்டது என்று பதறுபவர்களில் பலரின் தரவு, 64 இலக்கப் பெயரில் அதே வட்டில் பத்திரமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். 'ஆர்எம்' உடன் 'வி' தெரிவைச் சேர்த்தாலோ, கன்டெய்னரை உருவாக்கும்போது '--ஆர்எம்' கொடுத்திருந்தாலோ கதை வேறு: பெயரில்லா வால்யூமும் சேர்ந்து அழியும்.

ஆகவே எதையும் தொடுவதற்கு முன் 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' கொடுத்து, விடையில் 'மவுன்ட்ஸ்' என்ற பகுதியைப் படியுங்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் வகை, ஹோஸ்டிலுள்ள பாதை, உள்ளே இணைந்த பாதை எல்லாம் அங்கே இருக்கும். பிறகு 'டாக்கர் டிஃப்' கொடுங்கள். எழுதும் அடுக்கில் சேர்ந்தவை, மாறியவை, நீங்கியவை ஆகியவற்றை ஓரெழுத்துக் குறியோடு பட்டியலிடும். அந்தப் பட்டியலில் தற்காலிகக் கோப்புகளைத் தவிர வேறு ஏதாவது இருந்தால், யாரோ எப்போதோ உள்ளே நுழைந்து ஏதோ செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஜூன் 10, காலை 8.45

மறுபடி உருவாக்கும் வரிசை, அவசரப்படாமல்:

பழைய கன்டெய்னரை நிறுத்துங்கள். நீக்காதீர்கள், 'ரீநேம்' கொண்டு வேறு பெயர் கொடுங்கள், ஏனெனில் நிறுத்திய கன்டெய்னரும் தன் பெயரை விட்டுக்கொடுப்பதில்லை. பின்பு 'கிரியேட்' கட்டளையில் பழைய பெயரையும், புதிய போர்ட்டையும், '--வால்யூம்ஸ்-ஃப்ரம்' என்ற தெரிவில் பழைய கன்டெய்னரின் புதுப்பெயரையும் கொடுங்கள். பழையதில் இணைந்திருந்த வால்யூம்கள் யாவும், பெயரில்லாதவை உட்பட, அதே பாதைகளில் புதியதிலும் இணையும். 'ஸ்டார்ட்' கொடுத்துச் சோதியுங்கள். சரியில்லையென்றால் புதியதை நிறுத்திவிட்டுப் பழையதைத் தொடங்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடாதீர்கள். ஒரே தரவுக் கோப்புறையில் இரண்டு போஸ்ட்கிரெஸ்கள் எழுதுவதை எந்தக் கருவியும் உங்களுக்காக நல்லபடியாக முடித்துவைக்காது.

போர்ட்டை '5432:5432' என்று எழுதினால் ஹோஸ்டின் எல்லா முகவரிகளிலும் அது திறக்கும். டாக்கர் சேர்க்கும் ஐபிடேபிள்ஸ் விதிகள் யுஎஃப்டபிள்யூ போன்ற ஃபயர்வால் கருவியின் விதிகளுக்கு முன்னதாகவே வேலை செய்துவிடுவதால், ஃபயர்வாலில் மூடியிருக்கிறேன் என்ற நம்பிக்கை இங்கே உதவாது. அதே கணினியிலிருந்து மட்டும் அணுகினால் போதுமென்றால் '127.0.0.1:5432:5432' என்று எழுதுங்கள். இடது பக்கம் ஹோஸ்ட், வலது பக்கம் கன்டெய்னர்.

தெரிவுகள் அனைத்தும் இமேஜின் பெயருக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் எழுதியவை கன்டெய்னருக்குள் ஓடும் கட்டளைக்கான சொற்களாகப் போய்ச் சேரும். டாக்கர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஜூன் 10, இரவு 9.10

"'கமிட்' செய்து புதிய இமேஜ் ஆக்கி, அதிலிருந்து கன்டெய்னரை உருவாக்கினால் எளிதாயிற்றே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பல இடங்களில் இதே அறிவுரை சுற்றிவருகிறது. 'கமிட்' எடுப்பது எழுதும் அடுக்கை மட்டுமே. வால்யூமில் உள்ள எதையும் அது எடுப்பதில்லை. அதாவது கேள்வி கேட்டவருக்கு முக்கியமான ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துவைக்கும். கூடவே சூழல் மாறியில் கொடுத்த கடவுச்சொல்லும் இமேஜுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த இமேஜை வேறொருவருக்கு அனுப்பினால் கடவுச்சொல்லையும் சேர்த்தே அனுப்புகிறீர்கள்.

இன்னொருவர் சொல்லும் வழி இதைவிடத் துணிச்சலானது. லினக்ஸில் '/வார்/லிப்/டாக்கர்/கன்டெய்னர்ஸ்' என்ற கோப்புறைக்குள் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு கோப்புறை இருக்கிறது. அதிலுள்ள ஹோஸ்ட்கான்ஃபிக் ஜேசன் கோப்பைத் திருத்திப் போர்ட்டைச் சேர்த்துவிடலாம் என்கிறார். டாக்கர் டீமனை (பின்னணியில் ஓடி எல்லாக் கன்டெய்னர்களையும் நிர்வகிக்கும் நிரலை) முழுவதுமாக நிறுத்திவிட்டுத் திருத்தினால் இது வேலை செய்யக்கூடியதே. டீமன் ஓடும்போது திருத்தினால், அது தன் நினைவிலுள்ள பழைய பதிப்பையே திரும்ப எழுதிவிடும். டீமனை நிறுத்தினால் பொதுவாக அந்தக் கணினியிலுள்ள மற்ற கன்டெய்னர்களும் நின்றுபோகும். ஒரு போர்ட்டுக்காக எல்லாரையும் எழுப்பி வெளியே நிறுத்துவதைவிட, ஒன்றை மட்டும் மறுபடி உருவாக்குவது மலிவு.

ஜூன் 11, காலை 7.50

நேற்றுக் காலைக் குறிப்பிலுள்ள வரிசையில் ஒரு படியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கன்டெய்னரின் மறுதொடக்கக் கொள்கை 'ஆல்வேஸ்' என்றிருந்தால், நீங்கள் நிறுத்திவைத்த பிறகும், அடுத்த முறை டீமனோ கணினியோ மறுதொடக்கமாகும்போது அது தானாக எழுந்துவிடும். அப்போது பழையதும் புதியதும் ஒரே தரவின் மேல் போய் விழும். 'அன்லெஸ்-ஸ்டாப்டு' என்ற கொள்கையில் இந்த ஆபத்து இல்லை. நீங்கள் நிறுத்தியதை அது நினைவில் வைத்துக்கொள்ளும். எதுவாயினும், நிறுத்தியவுடன் 'டாக்கர் அப்டேட்' கொண்டு பழையதன் கொள்கையை 'நோ' என்று மாற்றிவிடுவது நல்லது.

ஜூன் 11, காலை 10.30

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: புதிய கன்டெய்னரில் கடவுச்சொல் மாறியை வேறு மதிப்போடு கொடுத்தாராம், உள்ளே விடவில்லையாம். போஸ்ட்கிரெஸ் இமேஜ் அந்த மாறியைப் பார்ப்பது தரவுக் கோப்புறை வெறுமையாக இருக்கும்போது, முதல் முறை மட்டுமே. ஏற்கனவே தரவு இருந்தால் பழைய கடவுச்சொல்லே செல்லும். பழையதைக் கொண்டு உள்ளே நுழைந்து, எஸ்கியூஎல் மூலம் மாற்றுங்கள்.

இதையொட்டி இன்னும் சில. 'இன்ஸ்பெக்ட்' காட்டும் சூழல் மாறிகளை அப்படியே வாரியெடுத்துப் புதிய கட்டளையில் போடாதீர்கள். அந்தப் பட்டியலில் நீங்கள் கொடுத்தவையும் இமேஜோடு வந்தவையும் கலந்திருக்கும். இமேஜின் 'பாத்' மாறியையும் பதிப்பு எண்ணையும் பழைய மதிப்புகளோடு கட்டிப்போட்டுவிட்டுப் பிற்பாடு புதிய இமேஜுக்கு மாறினால், வரும் பிழைகளின் மூலத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. 'டாக்கர் இமேஜ் இன்ஸ்பெக்ட்' கொடுத்து இரண்டையும் ஒப்பிட்டு, இமேஜுக்கு உரியவற்றைக் கழித்துவிடுங்கள்.

ஹோஸ்ட்நேமும் அப்படித்தான். எதுவும் கொடுக்காவிட்டால் கன்டெய்னரின் அடையாள எண்ணில் முதல் 12 இலக்கங்களே ஹோஸ்ட்நேம் ஆகின்றன. மறுபடி உருவாக்கினால் எண் மாறும், ஹோஸ்ட்நேமும் மாறும். பெரும்பாலான நிரல்களுக்கு இதனால் நட்டமில்லை. செய்திகளை வரிசைகளில் வைத்துக் கொடுக்கும் ராபிட்எம்கியூ போன்றவை தம் தரவுக் கோப்புறைக்கே ஹோஸ்ட்நேமைக் கொண்டு பெயரிடுகின்றன. வால்யூம் சரியாக இணைந்திருந்தும் செய்தி வரிசைகள் எல்லாம் காணாமல் போனதுபோல் தோன்றினால், காரணம் இதுவாக இருக்கலாம். '--ஹோஸ்ட்நேம்' தெரிவில் பழைய பெயரைக் கொடுத்தால் திரும்ப வந்துவிடும்.

இமேஜின் டேக் (பதிப்பைக் குறிக்கும் பெயர்) 'லேட்டஸ்ட்' என்றிருந்தால் அதை நம்பி மறுபடி உருவாக்க வேண்டாம். இடையில் யாராவது 'புல்' (இமேஜை இறக்கும் கட்டளை) கொடுத்திருந்தால் அந்த டேக் இப்போது வேறொரு பதிப்பைக் குறிக்கும். போஸ்ட்கிரெஸின் ஒரு பெரும்பதிப்பு எழுதிய தரவுக் கோப்புறையை அடுத்த பெரும்பதிப்பு அப்படியே ஏற்காது. பழைய கன்டெய்னரின் 'இன்ஸ்பெக்ட்' விடையில் இமேஜின் முழு அடையாள எண் இருக்கிறது. அதையே கட்டளையில் கொடுக்கலாம்.

ஜூன் 12, மாலை 5.40

முதல் குறிப்பில் நிறுத்திவைத்த செய்தி. டேட்டாபேஸை ஒரு நொடிகூட நிறுத்த முடியாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு வேறொரு வழி உண்டு.

'டாக்கர் நெட்வொர்க் கிரியேட்' கொடுத்துப் புதிய நெட்வொர்க் ஒன்றை உருவாக்குங்கள். 'நெட்வொர்க் கனெக்ட்' கொடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் கன்டெய்னரை அதில் இணையுங்கள். ஏற்கனவே உள்ள இணைப்புகள் அறுபடாது. இப்போது அதே நெட்வொர்க்கில் 'சோகேட்' நிரல் மட்டும் உள்ள ஒரு சிறிய கன்டெய்னரைப் போர்ட்டோடு தொடங்குங்கள். அதன் வேலை 5432இல் வருவதை வாங்கி டேட்டாபேஸ் கன்டெய்னரின் பெயருக்கு அனுப்புவது மட்டுமே. நாமே உருவாக்கிய நெட்வொர்க்கில் கன்டெய்னர்கள் ஒன்றையொன்று பெயரால் அழைக்க முடியும். டாக்கரின் இயல்பான 'பிரிட்ஜ்' நெட்வொர்க்கில் அந்த வசதி இல்லை என்பதால்தான் புதிய நெட்வொர்க்.

ஆக, கேள்விக்கு நேரான விடை: அந்தக் கன்டெய்னரில் போர்ட்டைச் சேர்க்க முடியாது, அதன் பக்கத்தில் ஒரு வாசலை வைக்க முடியும். நிரந்தர ஏற்பாடாக இதை வைத்துக்கொள்வதை நான் விரும்பவில்லை. டேட்டாபேஸின் பதிவுகளில் வருகின்ற எல்லா இணைப்புகளும் சோகேட்டின் முகவரியிலிருந்து வந்ததாகவே தெரியும். யார் வந்தார்கள் என்று பிறகு துப்புத் துலக்க முடியாது.

ஹோஸ்டிலிருந்து மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும் என்றால், லினக்ஸில் இதுகூட வேண்டாம். 'இன்ஸ்பெக்ட்' காட்டும் 172.17 என்று தொடங்கும் முகவரிக்கு நேராகவே இணையலாம். மேக்கிலும் விண்டோஸிலும் டாக்கர் டெஸ்க்டாப் ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓடுவதால் அங்கே இது நடக்காது.

ஜூன் 13, இரவு 10.15

பெயர் கொடுக்காமல் கன்டெய்னர்களை உருவாக்குவது பற்றி ஒரு கிண்டல் வந்திருக்கிறது. நியாயமான கிண்டல். பெயர் கொடுக்காவிட்டால் டாக்கர் ஓர் ஆங்கிலப் பண்புச்சொல்லையும் ஒரு விஞ்ஞானி அல்லது கணினி முன்னோடியின் பெயரையும் கோத்துத் தானே ஒன்றைச் சூட்டும். அதை உருவாக்கும் நிரலில் ஒரேயொரு விதிவிலக்கு உண்டு: 'போரிங் வாஸ்னியாக்' என்று வந்தால் மறுபடி முதலிலிருந்து தேர்ந்தெடுக்கும், ஸ்டீவ் வாஸ்னியாக் சலிப்பூட்டுபவர் அல்லர் என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பும் இருக்கிறது. மற்ற மேதைகளுக்காக யாரும் வாதாட வரவில்லை போலிருக்கிறது.

ஜூன் 15, காலை 9.30

'அப்டேட்' வேலை செய்யவில்லை என்று ஒரு வாசகர். நினைவக வரம்பை 512 எம்பியிலிருந்து 2 ஜிபிக்கு உயர்த்தியபோது, நினைவக வரம்பு ஸ்வாப் (நினைவகம் போதாதபோது பயன்படும் வட்டு இடம்) வரம்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற பிழை வந்ததாம்.

'--மெமரி' மட்டும் கொடுத்துக் கன்டெய்னரை உருவாக்கினால், நினைவகமும் ஸ்வாப்பும் சேர்ந்த மொத்த வரம்பை டாக்கர் அதைப்போல் இரு மடங்காக வைத்துக்கொள்ளும். இவருக்கு அது 1 ஜிபி. மொத்தத்தை 1 ஜிபியில் விட்டுவிட்டு, அதன் ஒரு பகுதியான நினைவகத்தை மட்டும் 2 ஜிபி ஆக்கு என்று கேட்டால் கணக்கு இடிக்கிறது. '--மெமரி-ஸ்வாப்' தெரிவையும் அதே கட்டளையில் உயர்த்திக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும்.

அவருடைய அடுத்த ஐயம், உள்ளே 'ஃப்ரீ' கொடுத்தால் ஹோஸ்டின் முழு நினைவகமும் தெரிகிறதே என்பது. அந்தக் கட்டளை படிப்பது '/புரொக்' கோப்பு முறைமையிலுள்ள கணக்கை. அந்தக் கணக்கைக் கெர்னல் கன்டெய்னருக்கு ஏற்றாற்போல் பிரித்துக் காட்டுவதில்லை. வரம்பு இருப்பது சிகுரூப்பில், அதாவது புராசஸ்களின் வளங்களுக்குக் கெர்னல் எல்லை போடும் ஏற்பாட்டில். மீறினால் கெர்னல் கொன்றுவிடும்; கன்டெய்னர் 137 என்ற குறியோடு வெளியேறும், அதாவது 128உடன் 9ஆம் எண் சிக்னல். ஆனால் 137 வந்தாலே நினைவகப் பஞ்சம் என்று முடிவுகட்ட வேண்டாம். 'டாக்கர் ஸ்டாப்' கொடுத்து, 10 நொடிக்குள் புராசஸ் தானாக நிற்காவிட்டாலும் அதே 9ஆம் எண் சிக்னல்தான் போகிறது. 'இன்ஸ்பெக்ட்' விடையில் 'ஓஓஎம்கில்டு' என்ற வரி எது என்று சொல்லும்.

ஜூன் 15, பகல் 12.05

மேலதைத் தொடர்ந்து: 10 நொடி காத்திருப்பு ஒவ்வொரு முறையும் நிகழ்கிறதென்றால், உள்ளே ஓடும் நிரல் முதல் எண் புராசஸாக இருந்துகொண்டு நிறுத்தும் சிக்னலைக் கையாளவில்லை என்று பொருள். முதல் எண் புராசஸுக்குக் கெர்னல் சலுகை கொடுக்கிறது. அது கேட்டு வாங்காத சிக்னல்கள் அதைத் தொடுவதில்லை. உருவாக்கும்போது '--இனிட்' கொடுத்தால், டாக்கர் ஒரு சிறிய நிரலை முதல் எண்ணில் அமர்த்திச் சிக்னலை உங்கள் நிரலுக்குக் கடத்தும். கவனிக்க, இதுவும் உருவாக்கும்போது மட்டுமே.

ஜூன் 17, காலை 8.20

பதிவுக் கோப்பு வட்டை நிரப்பிவிட்டது, டீமனின் கட்டமைப்புக் கோப்பில் வரம்பு வைத்தும் பயனில்லை என்கிறார் ஒருவர். டாக்கரின் இயல்பான ஜேசன் பதிவு முறைக்கு அளவு வரம்பே கிடையாது. 'மேக்ஸ்-சைஸ்', 'மேக்ஸ்-ஃபைல்' என்ற இரண்டையும் நாம்தான் கொடுக்க வேண்டும். டீமனின் கோப்பில் கொடுத்தால் அது இனிப் பிறக்கும் கன்டெய்னர்களுக்கே பொருந்தும்; ஏற்கனவே இருப்பவை உருவான நாளின் விதிகளோடுதான் கடைசிவரை ஓடும். மறுபடி உருவாக்குவதைத் தவிர வழியில்லை.

இதே இடத்தில், கட்டளையை எங்கே எழுதிவைப்பது என்ற கேள்வியும் வந்திருக்கிறது. ஒரு ஷெல் கோப்பில், ஒரு தெரிவுக்கு ஒரு வரி என்று, வரி முடிவில் பின்சாய்வுக் கோடு போட்டு எழுதுவது எனக்குப் பிடித்த முறை. அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஓர் இடைவெளி தவறி விழுந்தாலும் கட்டளை அங்கேயே முடிந்துவிடும். அடுத்த வரி தனிக் கட்டளையாக ஓட முயன்று புரியாத பிழையைக் காட்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றிடத்துக்காக இரண்டு பேர் அரை நாள் போர்ட் அமைப்பை ஆராய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஹோஸ்ட் கோப்பை இணைக்க '-வி' தெரிவுக்குப் பதில் '--மவுன்ட்' எழுதுங்கள். '-வி' கொடுத்த பாதை ஹோஸ்டில் இல்லையென்றால் டாக்கர் அந்தப் பெயரில் ஒரு கோப்புறையைத் தானே உருவாக்கிவிடும். கட்டமைப்புக் கோப்பின் பெயரில் ஓரெழுத்து பிசகினால், உள்ளே கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கோப்புறை நிற்கும். '--மவுன்ட்' அப்படிச் செய்யாமல் பிழை சொல்லி நின்றுவிடும். நிற்பதே நல்லது.

ஜூன் 18, பிற்பகல் 3.00

"எல்லாக் கன்டெய்னர் கருவிகளும் இப்படித்தானா?" இல்லை. எல்எக்ஸ்சி குடும்பத்தின் நோக்கே வேறு. 2008இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் கன்டெய்னர் என்பது ஒரு முழுக் கணினியைப் போன்றது: உள்ளே இனிட் (மற்றவற்றைத் தொடங்கிவைக்கும் முதல் புராசஸ்) ஓடும், பயனர்கள் இருப்பார்கள், மாதக்கணக்கில் திருத்தித் திருத்தி வாழும். டாக்கரே 2013இல் வெளிவந்தபோது எல்எக்ஸ்சியின் மேல்தான் ஓடியது. 2014இல் தன் சொந்த நூலகத்துக்கு மாறிக்கொண்டது.

அதே குடும்பத்தைச் சேர்ந்த எல்எக்ஸ்டியிலும், அதிலிருந்து 2023இல் பிரிந்த இன்கஸிலும், ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னரில் 'கான்ஃபிக் டிவைஸ் ஆட்' என்ற கட்டளையால் 'பிராக்ஸி' வகைச் சாதனம் ஒன்றைச் சேர்க்கலாம். எந்த முகவரியில் கேட்பது, உள்ளே எங்கே அனுப்புவது என்று இரண்டு மதிப்புகள் கொடுத்தால் போர்ட் அந்தக் கணமே திறக்கும். கேள்வி கேட்டவர் எதிர்பார்த்த கட்டளை உலகில் இல்லாமலில்லை, அவர் தேர்ந்தெடுத்த கருவியில்தான் இல்லை. அதற்காக டேட்டாபேஸைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எழுதிவைத்த ஒரே கட்டளையிலிருந்து அதே கன்டெய்னரை எங்கும் மறுபடி எழுப்ப முடிவது டாக்கரின் பிடிவாதத்துக்குக் கிடைக்கும் விலை.

பாட்மேன் என்ற இன்னொரு கன்டெய்னர் கருவி டாக்கரின் வழியையே பின்பற்றுகிறது. அங்கும் போர்ட் உருவாக்கும்போதே. ரூட் (நிர்வாகி) உரிமையில்லாமல் ஓட்டினால் 1024க்குக் கீழுள்ள போர்ட்களை இயல்பாகத் திறக்க முடியாது என்பது கூடுதல் கட்டுப்பாடு.

ஜூன் 21, காலை 11.45

"கம்போஸ் கோப்பில் போர்ட்டைச் சேர்த்துவிட்டு 'அப்' கொடுத்தால் சேர்ந்துவிடுகிறதே, அப்படியானால் நீங்கள் சொல்வது தவறு" என்று ஒரு மறுப்பு. சேர்வதில்லை. கம்போஸ் (ஒரு கோப்பில் எழுதியபடி கன்டெய்னர்களை உருவாக்கும் டாக்கரின் துணைக் கருவி) ஒவ்வொரு கன்டெய்னரின் மேலும் அதன் அமைப்புகளின் ஹேஷை (அவற்றிலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற குறியை) ஒரு லேபிளாக ஒட்டிவைக்கிறது; அடுத்த 'அப்' கட்டளையில் கோப்பிலிருந்து கணக்கிட்ட ஹேஷ் வேறாக இருந்தால், பழையதை நிறுத்தி நீக்கிவிட்டு, பெயரில்லா வால்யூம்களையும் எடுத்து இணைத்து, புதிய கன்டெய்னரை அதே பெயரில் உருவாக்குகிறது. நான் ஜூன் 10 அன்று எழுதிய வரிசையேதான், யாருக்கும் தெரியாமல் நடக்கிறது. முன்பும் பின்பும் அடையாள எண்ணைப் பார்த்தால் மாறியிருப்பது தெரியும்.

சூழல் மாறிக் கோப்புகளை இரண்டுக்கும் பொதுவாக வைத்துக்கொள்பவர்கள் கவனிக்க: 'டாக்கர் ரன்' கட்டளையின் '--என்வ்-ஃபைல்' மேற்கோள் குறிகளை மதிப்பின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும், கம்போஸ் அவற்றை உரித்துவிடும். ஒரே கோப்பு, ஒரே கடவுச்சொல், ஒன்றில் உள்ளே விடும், மற்றதில் விடாது.

ஜூன் 24, மாலை 4.25

பழைய கன்டெய்னரைப் பெயர் மாற்றி வைத்திருப்பவர்களுக்கு: 'டாக்கர் கன்டெய்னர் ப்ரூன்' ஓடாத எல்லாவற்றையும் நீக்கிவிடும். நீங்கள் காப்பாக நிறுத்திவைத்தது, 'கிரியேட்' கொடுத்துவிட்டு இன்னும் தொடங்காதது இரண்டும் அதில் அடங்கும். வட்டில் இடம் செய்வதற்காகத் தானியங்கியாக அதை ஓட்டும் சர்வர்களில், புதியதைச் சோதித்து முடிப்பதற்குள் பழையது போய்விடக்கூடும். அந்தக் கட்டளையின் '--ஃபில்டர்' தெரிவில் ஒரு லேபிளைச் சொல்லி விலக்கு அளிக்கலாம்தான். ஆனால் லேபிளும் கன்டெய்னரை உருவாக்கும்போது ஒட்ட வேண்டியது.

ஜூன் 24, மாலை 4.50

ஆம், பழையதற்கு லேபிள் ஒட்ட முடியாதென்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சோதனை முடியும்வரை அந்தத் தானியங்கியை நிறுத்திவையுங்கள்.